முதல் பக்கத்தில் மூழ்கியவன்

யாசீன் பாய்க்கு வாயை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கத் தெரியாது. இதை நான் புறம் பேசவில்லை, அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்பார். மதியத்து லுஹர் தொழுகையை முடித்து, வழியில் யார் வீட்டு பாத்ரூமிலோ தண்ணீர் சரியாக வடிகிறதா என்று பார்த்துக்கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரமும் தாண்டிய பிறகு வந்து பெல்லை அடிப்பார். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே அவருக்கு டைல்ஸ் கடை. வாஷ்பேசின், கம்மோடு எல்லாம் கிடைக்கும். எங்கு பார்த்தாலும் அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பீர்க்கன்கரணையில் இருக்கிற என் வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேராவது வண்டியை நிறுத்தி அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். அவரும் நின்று பதில் சொல்வார். இங்கே ஒருவன் ஸ்பீக்கரைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிறானே என்ற நினைப்பே இருக்காது.

வந்து உட்கார்ந்ததும் பாட்டு ஆரம்பிக்கும். கூடவே அவரும் ஆரம்பிப்பார். இப்ப ஆர்கன் வரும் பாருங்க சார் என்பார். எத்தனையோ வருஷமாக அதே இடத்தில்தான் அந்த ஆர்கன் வருகிறது, எனக்குத் தெரியாதா? புல்லாங்குழல் தனியாக ஒலிக்கும் இடத்தில், மூச்சுவிடக்கூட மனசு வராத இடத்தில், அடையாறில் ஒரு பார்ட்டி கிரானைட் கேட்டு இழுத்தடிப்பதைப் பற்றிச் சொல்வார். டிரம் அடிக்கிறவனோடு சேர்ந்து சோபாவின் கைப்பிடியில் தட்டுவார், அதுவும் தாளம் தப்பாக. ஏழு அட்சரம் ஐயா அது, மிஸ்ர சாபு, தகிட தகதிமி என்று தொடையில் போட்டுக் காட்டுவேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நாலாகவே தட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதரை ஏன் வாராவாரம் கூப்பிடுகிறீர்கள் என்று என் மனைவி காமு கேட்பாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெடுகிறது, கேட்கத்தான் செய்வாள். அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பியூட்டர் லான்டர்ன் என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிற இன்னொரு ஆள் கிடையாது. நான் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பியூட்டர் லான்டர்ன் என்பது எழுபதுகளில் இங்கிலாந்தில் ஐந்து பேர் சேர்ந்து நடத்திய இசைக்குழு. காமுவுக்கு அது லாந்தர் கோஷ்டி. புரோகிரசிவ் ராக் என்று அந்த வகைக்குப் பெயர். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும், கடல், ராஜா, மலை என்று கதை சொல்லும். இந்த வகையைக் கேட்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரிய பெயர்களாகப் பத்துச் சொல்வார்கள். அந்தப் பத்தில் இவர்கள் இல்லை. மெனக்கெட்டு இருபது சொல்லச் சொன்னாலும் வரமாட்டார்கள். ஊரெல்லாம் எதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறதோ அதை நானும் வாங்கிக் கேட்டிருக்கிறேன். வித்தை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் வித்தையை நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். லாந்தர் கோஷ்டிக்கு அந்த ஆசையே கிடையாது. பாடுகிறவனுக்குப் பெரிய குரல் இல்லை, மேலே போனால் லேசாக உடையும். உடையும் என்று தெரிந்தும் போகிறான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். பேஸ் கிட்டார்க்காரன் மற்ற நாலு பேரும் போகும் வழியில் போகாமல் தனியாக எங்கோ போய்விட்டு, பாட்டு முடிகிற இடத்தில் சொல்லிவைத்த மாதிரி வந்து சேருவான். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் கேட்பதற்கு ஒரு நாதி இல்லை.

அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் எங்களுக்குக் கிடைத்தது மேற்கு தாம்பரத்தில் இருந்த பென்னியின் ரெக்கார்டிங் சென்டரில். எண்பதுகளின் நடுவில் நடந்தது அது. வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டு வந்தால் பென்னி கேசட்டில் பதிந்து கொடுப்பான். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு ரயில்வே குடும்பம் தங்களிடமிருந்த இசைத்தட்டுகளை அவனிடம் விட்டுவிட்டுப் போனது. அதில் ஒன்றை, யாராவது வாங்குவார்கள் என்ற குருட்டு நம்பிக்கையில், கேசட்டில் மூன்று பிரதி போட்டு வைத்திருந்தான். மேலே 'இங்கிலீஷ் 14' என்று மட்டும் எழுதியிருந்தது, குழுவின் பெயரைக் கேட்ட பிறகுதான் சொன்னான். ஒன்றை என் தலையில் கட்டினான். இன்னொன்றை வாங்கியவர் யாசீன் பாய். மூன்றாவதை வாங்கிய ஆள் மறுநாளே திரும்ப வந்து சண்டை போட்டு, அதன் மேலேயே சினிமாப் பாட்டுப் பதிந்துகொண்டு போனார். கடையில் இந்தக் கதையைப் பென்னி சொல்லிச் சிரித்தபோது, நானும் பக்கத்தில் நின்ற இன்னொருவரும் சிரிக்காமல் இருந்தோம். அப்படித்தான் யாசீன் பாயும் நானும் பழக்கமானோம். அன்றிலிருந்து நான் அவருக்கு சார், அவர் எனக்கு பாய்.

அந்த ஆல்பம் முழுக்க ஒரே கதை. முதல் பக்கம் முழுவதும் ஒரு நீளமான பாட்டு. புயல், கப்பல் உடைகிறது, ஒருவன் மூழ்குகிறான். கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கி ஒரு மணி மட்டும் அடிக்கிறது. கேசட்டைத் திருப்பிப் போட்டால் கடல் பறவைச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, விடிகாலை. அந்தக் குழந்தை வளர்ந்து பையனாகி, கடைசிப் பாட்டில் படகு ஏறுகிறான். ஆர்கன் மேலே மேலே போக, பாடுகிறவன் குரல் உடைய உடைய, ஆல்பம் முடிகிறது. வார்த்தைகள் பாதிக்கு மேல் எங்களுக்குப் புரியாது. அவர்கள் உச்சரிப்பு அப்படி, பென்னியின் கேசட் இரைச்சலும் அப்படி. ஆனால் கதை புரிந்தது. அதாவது, இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் புரிந்தது.

மூழ்கியவனே மறுபடி பிறக்கிறான் என்பது என் கட்சி. அதே ஆள், அடுத்த பிறவி, திரும்பவும் கடல் கூப்பிடுகிறது. வெள்ளைக்காரன் எப்படியோ நம் விஷயத்தைப் பிடித்துவிட்டான் என்று சொல்வேன். யாசீன் பாய்க்கு இது வேப்பங்காய். போனவன் போனவன்தான் சார், பிறந்தது அவன் மகன் என்பார். அப்பன் செத்த பிறகு பிறந்த பிள்ளை, அப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளை, அப்பன் போன கடலுக்கே போகிறான், அதுதான் கதை என்பார். ஒவ்வொரு ஞாயிறும் இந்த வழக்கு நடக்கும். நான் ஒரு வரியைக் காட்டுவேன், அவர் ஒரு புல்லாங்குழலைக் காட்டுவார். அவருடைய கடையில் பொய் சொல்லி ஒரு டைல் விற்கமாட்டார், ஆனால் இந்த விஷயத்தில் எந்த அநியாயத்துக்கும் துணிவார். எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு அலுவலகம் பாதிக் காரணம், மீதி அவர்.

அவர் மகள் ரூக்சார் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். வேலையாக அவளை ஆறு மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். என்ன வாங்கி வரட்டும் என்று அவள் கேட்டதற்கு, பாய் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளும் அலைந்து திரிந்து அந்த ஆல்பத்தின் சி.டி.யைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சுத்தமான பதிப்பு, இரைச்சலே இருக்காது என்று கடைக்காரன் சொன்னானாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாசீன் பாய் சொன்ன நேரத்துக்கு வந்தார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். காமு வடை சுட்டாள். பாய் சி.டி.யின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழிக்காமல் பிளேடு கேட்டு வாங்கி, ஓரமாக அறுத்தார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். நான் பட்டனை அமுக்கினேன்.

கடல் பறவை கத்தியது. குழந்தை அழுதது.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாத்திப் போட்டுட்டீங்க சார் என்றார். சி.டி.க்கு இன்னொரு பக்கம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் போட்டோம், மறுபடியும் குழந்தைதான் அழுதது. கம்பெனிக்காரன் தப்பாக அச்சடித்துவிட்டான், இந்தக் காலத்தில் யாருக்குப் பொறுப்பு இருக்கிறது என்று ஆரம்பித்தார். மகளுக்குப் போன் போட்டார். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் இப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். குழந்தை பிறப்பதுதான் முதல் பக்கம், கப்பல் உடைவது இரண்டாம் பக்கம். வெளிவந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறதாம்.

விஷயம் எளிது. பென்னி பக்கத்தை மாற்றிப் பதிந்துவிட்டான். உலகத்தில் இந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் ஆயிரமோ ஐயாயிரமோ, அத்தனை பேரும் ஒரு வரிசையில் கேட்டிருக்க, தாம்பரத்துக்குத் தெற்கே இரண்டு பேர் மட்டும் தலைகீழாகக் கேட்டு, தலைகீழாக ஒரு கதையைக் கட்டி, அதற்காக வாராவாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு சந்தோஷம் வந்தது. என் மறுபிறவி போயிற்று, சரி. ஆனால் இவருடைய கட்சியும் போயிற்றே. எத்தனை ஞாயிறு என்னைப் பேசவிடாமல் அடித்திருக்கிறார் இந்த மனிதர். எனக்கு நாக்கில் சனி.

"அந்தப் பையன் கிடையாது பாய்," என்றேன். "அப்பன் போனப்புறம் பொறந்த புள்ளைன்னு ஒருத்தன் இந்தக் கதையிலயே இல்ல. நீங்களா பெத்து, நீங்களா வளர்த்துட்டீங்க."

சி.டி. ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை வளர்ந்தது, படகு ஏறியது, புயல் வந்தது. கேசட்டில் நாங்கள் கேட்டே இராத சின்னச் சின்னச் சத்தமெல்லாம் துல்லியமாகக் கேட்டது. கப்பல் உடைந்து, அவன் மூழ்கி, மணி அடித்து முடிந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் வரவில்லை. முதல் தடவையாக யாசீன் பாய் முழு ஆல்பத்தையும் வாயைத் திறக்காமல் கேட்டிருந்தார். வரேன் சார் என்று எழுந்தார். வடையைத் தொடவில்லை. சி.டி.யையும் எடுத்துக்கொள்ளவில்லை.

தோற்றதில் கோபம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வரவில்லை. போன் செய்தால் கடையில் ஆள் இல்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறு குஜராத்திலிருந்து, மோர்பியிலிருந்து, டைல்ஸ் லோடு வருகிறது என்றார். பிறகு நோன்பு ஆரம்பித்தது. அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் அடுத்தடுத்து வந்தன. நான் கொடுத்தனுப்பிய லட்டும் மிக்சரும் போய்ச் சேர்ந்தன. பெருநாளன்று கடைப் பையன் கையில் அடுக்கு டிபன் கேரியரில், எங்களுக்கென்று எப்போதும் அனுப்புகிற அதே அளவு பிரியாணி வந்தது. பாய் வரவில்லை.

இதை என்னவென்று சொல்வது? கோபம் என்றால் பிரியாணி எதற்கு? பிரியாணி என்றால் கோபம் எதற்கு? மனிதர் சண்டையைக்கூட முழுசாகப் போடமாட்டேன் என்கிறார். காமு இரண்டு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, நீங்கள் என்ன சொல்லித் தொலைத்தீர்கள் என்று கேட்டாள். பாட்டைப் பற்றித்தான் பேசினோம் என்றேன். அவள் நம்பவில்லை.

எத்தனையோ வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி இப்போது கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான், ஸ்பீக்கர், லாந்தர் கோஷ்டி மட்டும். ஒரு நாள் முழு ஆல்பத்தையும் கேட்கலாம் என்று உட்கார்ந்து, ஆர்கன் வரும் இடத்துக்கு முன்னாலேயே எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். பாட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பக்கத்தில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் இருந்தபோது, பாட்டு ஓடுகையில் பேசாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவனே நான்தான்.

சரி, உலகத்தில் வேறு ஆளே இல்லையா என்று என் மைத்துனன் துரையை வண்டலூரிலிருந்து வரவழைத்தேன். நல்ல பையன், இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேட்பான். நீளப் பாட்டைப் போட்டேன். பொறுமையாகவே உட்கார்ந்திருந்தான். எட்டு நிமிடம் ஆனதும், பாட்டு எப்ப மாமா ஆரம்பிக்கும் என்று கேட்டான். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் சம்பந்தம் நன்றாகப் பாடுவார், சங்கீத ஞானம் உள்ளவர். அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ஏழு அட்சரத்தைச் சட்டென்று பிடித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. கண்ணைத் திறந்து, பேய்ப் படத்துக்குப் பின்னணியாகப் போட்டால் எடுபடும் சார் என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று காமு நச்சரித்தாள். எதற்கு மன்னிப்பு? இங்கிலாந்தில் எவனோ எந்த வரிசையில் பாட்டுப் போட்டான் என்பதற்கு பீர்க்கன்கரணையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்பதாக இருந்தால் பென்னி கேட்கட்டும், அவன்தான் இத்தனைக்கும் மூலகாரணம் என்று கத்தினேன். கத்திய பிறகு அது நியாயமாகவே பட்டது. அடுத்த சனிக்கிழமை தாம்பரம் போனேன்.

பென்னி அதே கடையில்தான் இருந்தான். ரெக்கார்டிங் சென்டர் போய், மொபைல் உறையும் ரீசார்ஜ் கார்டும் தொங்கின. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டான், கேசட் உடனே நினைவுக்கு வரவில்லை. ஆஸ்திரேலியாக் குடும்பம், திரும்பி வந்த மூன்றாவது கேசட், சினிமாப் பாட்டு என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. ஏன் இரண்டாம் பக்கத்தை முதலில் பதிந்தாய் என்று கேட்டேன். அதில் ஏதாவது காரணம் இருக்கும், தட்டிலேயே குழப்பமாக அச்சடித்திருக்கும், இல்லை அவனுக்கே அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கும், இப்படியெல்லாம் ரயிலில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அதுவா சார்," என்றான். "அந்தப் பக்கம் ஃபுல்லா ஒரே பாட்டு. நடுவுல எந்திரிச்சி வந்து பாக்க வேணாம். அத்த மொதல்ல ஓடவுட்டுட்டு நான் பாட்டுக்குப் போயி சாப்ட்டு வந்துருவேன். நல்ல பசி சார். இதுக்கா இம்மாந்தூரம் வந்துகினு கீற?"

நான் கடை வாசலிலேயே நின்றேன். என் மறுபிறவி, பாயின் தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை, அத்தனை ஞாயிறு, அத்தனை ரத்தக் கொதிப்பு, எல்லாம் பென்னி மத்தியானம் சாப்பிடப் போனதால் வந்தது. இதை உடனே யாசீன் பாயிடம் சொல்லியாக வேண்டும் போல இருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் இதன் அருமை புரியாது. கோபமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெருங்களத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

கடையில் ஒரு அம்மாளும் அவள் வீட்டுக்காரரும் வாஷ்பேசின் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்ததும் தலையசைத்து, ஒரு டைல்ஸ் பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ சொல்லி அனுப்பினார். அவர்களுக்கு நிறங்களைக் காட்டி முடித்துவிட்டு வந்து எதிரே இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். நான் பென்னி கதையைச் சொன்னேன். பசி சார் என்று அவன் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். லேசாகத்தான் சிரித்தார். பசிக்குச் சாப்பிடப் போனவனை என்ன சொல்ல முடியும் என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள என்ன நடந்துவிட்டது, யாரோ கப்பல்காரன் கதைக்காக இப்படி வீட்டுப் பக்கமே வராமல் இருப்பார்களா, வயசு என்ன ஆகிறது நமக்கு என்று குரலை உயர்த்தினேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

யாசீன் பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"எங்க அத்தா, என்னைப் பெத்தவரு, பல்லாவரத்துல தோல் பதனிடுற ஷாப்ல இருந்தாரு சார். காய்ச்சல்ல போயிட்டாரு. அப்ப நான் எங்கம்மா வயித்துல ஏழு மாசம்," என்றார். "அம்மா இத்தாவுல உக்காந்தாங்க. புருஷன் போனா எங்கள்ல பொம்பளைங்க வெளிய வராம ஒரு அறையில இருப்பாங்க. நாலு மாசம் பத்து நாள்னு கணக்கு. ஆனா வயித்துல புள்ள இருந்தா அந்தக் கணக்கு கிடையாது. புள்ள பொறக்கணும், அப்பதான் முடியும். நான் அழுத சத்தம் கேட்டுத்தான் எங்கம்மா இத்தா முடிஞ்சிது."

வெளியே ரோட்டில் பஸ்காரன் செங்கல்பட்டு, செங்கல்பட்டு என்று கூவிக்கொண்டிருந்தான்.

"அந்த மணி அடிச்சி முடிஞ்சி, கேசட்டைத் திருப்பிப் போடுற வரைக்கும் சும்மா கிடக்கும் பாருங்க, அதுல எங்கம்மா உக்காந்திருப்பாங்க சார். அப்புறம்தான் அந்தப் புள்ள அழும். எனக்கு அது பாட்டே கிடையாது," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், கடை போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்படி ஒருத்தன் கதையிலயே இல்லைன்னீங்க. நான் இருக்கேனே சார்."

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது கிடையாது. உட்கார்ந்திருந்த பெட்டியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்த அவமானத்திலும் எனக்கு அவர் மேல் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக வாய் ஓயாமல் என்னென்னவோ பேசியிருக்கிறார். கிரானைட் பார்ட்டி, மோர்பி லோடு, ஊர்க்கதை எல்லாம் புல்லாங்குழலுக்கு நடுவே சொல்லியிருக்கிறார். இந்த ஒன்றைச் சொல்லாமல், அதே விஷயத்தை வைத்து என்னைக் கேலி செய்யவும் விட்டிருக்கிறார். ஏன் பாய் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டேன்.

"அதான் சார் சொல்லல," என்றார். "சொன்னா நீங்க விட்டுக் குடுத்துருவீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்து நான் என்னா பண்றது?"

அந்த அம்மாள் வெள்ளையே எடுத்துக்கலாமா என்று கேட்டாள். பாய் எழுந்து போய் ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சமயத்துக்குள் எனக்கு மன்னிப்புக் கேட்க நாலைந்து விதமான வாக்கியங்கள் தோன்றின. எல்லாம் நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் அதில் எதைச் சொன்னாலும் அவர் எதற்குப் பயந்தாரோ அதைத்தான் நான் செய்ததாக ஆகும். சரி பாய், நீங்கள் சொன்னதுதான் சரி, அது மகன்தான் என்று நான் தலையாட்டினால் வழக்கு அன்றோடு முடிந்தது. பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மரியாதையாகப் பாட்டுக் கேட்கலாம். அந்த மரியாதையை நினைத்தாலே பயமாக இருந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"விட்டுக் குடுக்கறதா? யாரு? நானா?" என்றேன். "சி.டி.யை விடுங்க பாய். பென்னி போட்ட வரிசையிலயே வச்சுக்குவோம். அப்பவும் நீங்க சொல்றது தப்பு. அது மகன் கிடையாது. அதே ஆளுதான் திரும்பி வர்றாரு."

அவர் என்னையே பார்த்தார். நான் சொன்னது காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அது கேலியா இல்லையா என்று அவர் தேடுவது முகத்தில் தெரிந்தது. டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. ஆனால் புருவம் மெல்ல மேலே ஏறியது. எனக்கு நன்றாகப் பழக்கமான, ஒவ்வொரு ஞாயிறும் என் ரத்தக் கொதிப்பை ஏற்றிவிடுகிற அந்தப் புருவம்.

"அதெப்படி சார்?" என்றார், குரல் உடைந்தும் உடையாமலும். "அவரு பாட்டுக்குச் செத்து, அவரு பாட்டுக்குத் திரும்பி வந்துட்டாரு, சரி. நடுவுல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருந்தாளே, அவளுக்குக் கணக்கே இல்லையா? அவ பெத்தது யாரை? புருஷனையா? வாயில வந்ததையெல்லாம் பேசாதீங்க. பதில் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணை நான் யோசித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.